திரையில் இரண்டு கூச்

1987 நவம்பர் 5. பம்பாய் வான்கடே மைதானத்தில் உலகக் கோப்பை அரையிறுதி. இங்கிலாந்தின் கிரஹாம் கூச் மண்டி போட்டு மண்டி போட்டு ஸ்வீப் அடித்துக்கொண்டிருக்கிறார். தாராவி லேபர் கேம்பில், எங்கள் சாலின் (வரிசையாக ஒட்டிய வீடுகளின்) முதல் வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவி முன்னால் முப்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறோம். திரையில் இரண்டு கூச். ஒருவர் கெட்டியாகத் தெரிகிறார். அவருக்கு வலப்பக்கம் இரண்டு விரல்கடை தள்ளி, மங்கலாக இன்னொருவர். முதல் கூச் மட்டையைத் தூக்கினால் அவரும் தூக்குகிறார். "ஒருத்தனையே அவுட்டாக்க முடியல, இதுல ரெண்டு பேரா?" என்று பின்வரிசையில் ஒரு தாத்தா அலுத்துக்கொண்டார்.

கூச் 115 எடுத்தார். இந்தியா 35 ரன் வித்தியாசத்தில் தோற்றது. கவாஸ்கர் 4 ரன்னில் டிஃபிரெய்டஸ் பந்தில் போல்டானார். அவர் ஆடிய கடைசி சர்வதேச ஆட்டம் அது. அந்த ஸ்டம்ப் சரிந்ததையும் நாங்கள் இரண்டிரண்டாகத்தான் பார்த்தோம்.

அந்த இரண்டாவது கூச் எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் முதல் கூச் எப்படி வந்தார் என்று பார்த்துவிட வேண்டும்.

பழைய டிவியில் முழுப் படம் என்று ஒன்று எந்த நேரத்திலும் இருந்ததில்லை. இருந்தது ஒரே ஒரு புள்ளி. படக்குழாயின் கழுத்திலிருந்து கிளம்பும் எலக்ட்ரான் கற்றை திரையின் உட்பூச்சில் மோதும் இடத்தில் ஒளி வரும். அந்தப் புள்ளி நாம் புத்தகம் வாசிக்கிற மாதிரி இடமிருந்து வலமாக ஒரு வரி ஓடும், சட்டென்று திரும்பும், அடுத்த வரிக்குப் போகும். ஒரு படத்துக்கு 625 வரிகள். முதலில் ஒற்றைப்படை வரிகள், அப்புறம் இரட்டைப்படை வரிகள். ஒவ்வொரு பாதிக்கும் ஐம்பதில் ஒரு விநாடி. ஒரு வரிக்கு 64 மைக்ரோ விநாடி, அதாவது ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் 64 பங்கு. அதிலும் 12 பங்கு திரும்பி வருவதற்குப் போய்விடும். கண்ணுக்குத் தெரியும் வரிக்கு மிச்சம் 52. இந்த 52-ஐ ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மைதானத்துக் கேமராவுக்குள்ளும் ஒரு கற்றை இதே ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தது. லென்ஸ் போட்ட பிம்பத்தை அது வரிவரியாகத் தடவி, எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு என்று மின்சாரமாக மாற்றும். ஒவ்வொரு வரியின் முடிவிலும், ஒவ்வொரு பாதிப் படத்தின் முடிவிலும் "திரும்பு" என்று ஒரு துடிப்பு சேர்ந்து போகும். வரித் துடிப்பு கெட்டுப்போனால் நம் டிவியில் படம் சாய்ந்து கிழியும், பாதிப் படத்தின் துடிப்பு கெட்டுப்போனால் மேலும் கீழுமாக உருளும். மைதானத்தில் எத்தனை கேமரா இருந்தாலும் அத்தனையும் ஒரே துடிப்புக்கு வரியும் படமும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதெல்லாம் ஊர் முழுக்கப் படம் உருளும். அதற்கென்றே மைதானத்தில் நிற்கும் ஒளிபரப்பு வண்டியான ஓபி வேனில் ஒரு தாளக் கருவி இருக்கும்.

இதில் என்னை இன்றைக்கும் அசர வைப்பது வேகம். வான்கடேயிலிருந்து வொர்லியின் தூர்தர்ஷன் நிலையத்துக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர். அங்கிருந்த 300 மீட்டர் கோபுரத்திலிருந்து தாராவிக்கு இன்னொரு 5. மொத்தம் 12 கிலோமீட்டரை ரேடியோ அலை கடக்க 40 மைக்ரோ விநாடி போதும். திரையில் ஒரு வரி எழுதும் நேரத்தைவிடக் குறைவு. வழியில் எங்கேயும் படத்தைச் சேர்த்து வைக்கும் கருவி தேவைப்படவில்லை. கேமரா தடவிய புள்ளி அப்படியே நம் வீட்டுப் புள்ளியாக எரிந்தது. மைதானத்தில் 70 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் காதுக்கு மட்டையில் பந்து பட்ட சத்தம் போய்ச் சேர ஐந்தில் ஒரு விநாடி ஆகும். அதற்குள் தாராவியில் நாங்கள் அந்த அடியைப் பார்த்து முடித்திருப்போம். இன்றைய டிஜிட்டல் ஒளிபரப்பு பல படங்களைச் சேர்த்து வைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுருக்கி அனுப்புகிறது. அதனால்தான் பக்கத்து வீட்டில் விக்கெட் விழுந்து கத்துகிறார்கள், நம் போனில் பௌலர் இன்னும் ஓடி வந்துகொண்டிருக்கிறார். நேரடி என்ற சொல்லுக்கு முழுத் தகுதி அந்தப் பழைய ஒளிபரப்புக்குத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடித்த பந்து தெரியவில்லை என்று அன்றைக்கு எல்லோரும் குறைப்பட்டதற்கும் கணக்கு உண்டு. கேமரா 30 மீட்டர் அகலத்தைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பந்தின் விட்டம் 7 சென்டிமீட்டர் சொச்சம். திரையில் அது இரண்டு வரிக்குள் அடங்கிவிடும். மணிக்கு 130 கிலோமீட்டரில் குறுக்கே போனால், ஒரு பாதிப் படம் முடிவதற்குள் 70 சென்டிமீட்டர் நகர்ந்து, தன்னைப் போல் பத்து மடங்கு நீளத்துக்குக் கோடாக இழுபடும். நிறமும் காலை வாரியது. வண்ண ஒளிபரப்பை வாங்கும் கறுப்பு வெள்ளை டிவி வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். அந்த வெளிச்சக் கணக்கில் பச்சைக்கு 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11. பச்சைக்கு இவ்வளவு பங்கு இருந்தும், புல்லின் பச்சை அடர்த்தி என்பதால் சாம்பலாகத்தான் விழும். சிவப்புப் பந்தும் ஏறக்குறைய அதே சாம்பல். ஃபீல்டர் ஓடும் திசையை வைத்துத்தான் பந்தை ஊகித்தோம்.

சரி, இரண்டாவது கூச்சுக்கு வருவோம்.

வொர்லி கோபுரத்திலிருந்து கிளம்பிய அலை எங்கள் ஆன்டெனாவுக்கு மட்டும் வரவில்லை, நாலா பக்கமும் போனது. எங்கேயோ ஒரு உயரமான கட்டடத்தில் மோதித் திரும்பியது. அந்தச் சுற்று வழியில் வந்த அலை கொஞ்சம் தாமதம். தாமதமாக வந்ததை டிவி தாமதமாகத்தான் வரையும். அதற்குள் புள்ளி வலப்பக்கம் நகர்ந்திருக்கும். ஆகவே நிழல் எப்போதும் வலப்பக்கம் விழும். (தொண்ணூறுகளில் கேபிள் வந்த பிறகு சில வீடுகளில் நிழல் இடப்பக்கம் விழுந்தது. கேபிளில் சுற்றி வந்த சிக்னலை முந்திக்கொண்டு, காற்றில் நேராக வந்த சிக்னல் பெட்டிக்குள் புகுந்துவிட்டதுதான் காரணம்.) சில சமயம் வெள்ளைச் சட்டை ஆட்டக்காரருக்குக் கறுப்பு நிழல் வரும். நேர் அலையின் மேடு வரும்போது எதிரொலி அலையின் பள்ளம் வந்து சேர்ந்தால் அப்படித் தலைகீழாகும். ஆன்டெனாவைக் கொஞ்சம் நகர்த்தினாலே அது மாறிவிடும். சாந்தாகுரூஸில் இறங்கும் விமானமும் எதிரொலிக்கும். அது ஓடிக்கொண்டே எதிரொலிப்பதால் மேடும் பள்ளமும் மாறி மாறிச் சேர்ந்து படம் படபடவென்று துடிக்கும். அப்போதும் வர்ணனை மட்டும் தெளிவாகக் கேட்கும். ஒலி எஃப்எம் முறையில் தனியாக வந்தது. அலையின் பலம் ஏறி இறங்கினாலும் அது பெரிதாகக் கண்டுகொள்ளாது.

அரையிறுதி முடிந்த ஞாயிற்றுக்கிழமை டிவி மெக்கானிக் அண்ணாச்சி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், லேபர் கேம்பில் பாதி டிவிகள் அவர் கையில்தான். வந்தவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. "தம்பி, பள்ளிக்கூட ஸ்கேல் இருந்தா எடுத்துட்டு வாடே" என்றார். செய்தி வாசிப்பவரின் காதுக்கும் நிழல் காதுக்கும் நடுவே ஸ்கேலை வைத்தார். சரியாக 2 சென்டிமீட்டர்.

அப்புறம் ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் கணக்குப் போட்டார். 20 அங்குலப் பெட்டி, திரையின் அகலம் 40 சென்டிமீட்டர். அதைக் கடக்கப் புள்ளிக்கு 52 மைக்ரோ விநாடி. அப்படியானால் 2 சென்டிமீட்டருக்கு 2.6. அலை ஒரு மைக்ரோ விநாடிக்கு 300 மீட்டர் போகும். ஆக, எதிரொலி சுற்றி வந்த கூடுதல் தூரம் 780 மீட்டர்.

இதை வைத்து மட்டும் கட்டடத்தைப் பிடித்துவிட முடியாது. இரண்டு ஆணி அடித்து, நூலைத் தளர்வாகக் கட்டி, பென்சிலால் இழுத்தால் ஒரு நீள்வட்டம் வருமே, அதுபோல வொர்லி ஒரு ஆணி, எங்கள் கூரை இன்னொரு ஆணி. அந்தக் கோட்டில் எங்கே நின்றாலும் கூடுதல் தூரம் 780 மீட்டர்தான்.

அண்ணாச்சி கூரையில் ஏறினார். எங்களுடையது யாகி ஆன்டெனா. 1926-ல் ஜப்பானில் உடா, யாகி என்ற இரண்டு பேர் உருவாக்கிய வடிவம். நடுவில் சிக்னலை வாங்கும் கம்பி, முன்னால் சற்றே குட்டையான கம்பிகள், பின்னால் சற்றே நீளமான ஒன்று. நீளம் மாறுவதால் ஒவ்வொரு கம்பியும் அலையைக் கொஞ்சம் முன்னே பின்னே திருப்பி விடும். முன்னாலிருந்து வருவது கூடும், பின்னாலிருந்து வருவது கழிந்து போகும். அந்தக் கழிக்கிற வேலையில் பெரும்பங்கு பின் கம்பிக்குத்தான். எங்கள் ஆன்டெனாவில் அதைக் காணோம். ஜூலை மழையில் ஆடி, காக்கை உட்கார்ந்து உட்கார்ந்து, மரையாணிகள் துருப்பிடித்து எப்போதோ விழுந்திருக்கிறது. அது போனதும் எங்கள் ஆன்டெனா வொர்லிக்கும் முதுகுப்பக்கத்துக்கும் ஒன்றாகக் காது கொடுக்க ஆரம்பித்துவிட்டது.

"அப்ப உங்க பேய் நேர் பின்னாலதான் நிக்குது" என்றார் அண்ணாச்சி. நேர் பின்னால் என்றால் போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு. 780-ல் பாதி, 390 மீட்டர். பையிலிருந்து ஒரு அலுமினியக் குழாயை எடுத்து அளந்து வெட்டி மாட்டினார். கீழே இறங்கி வந்து பார்த்தபோது நிழல் காது சாம்பல் கோடாகச் சுருங்கியிருந்தது.

சாயங்காலம் நான் வொர்லிக்கு முதுகு காட்டி, சயான் பக்கமாக எண்ணிக்கொண்டே நடந்தேன். 390 மீட்டருக்கு 520 தப்படி என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். சந்துகள் வளைந்து வளைந்து போனதில் எழுநூறைத் தாண்டிவிட்டது. கடைசிச் சந்து திறந்த இடத்தில் ஒரு ஏழு மாடிக் கட்டடம் நின்றது. ஜன்னலே இல்லாத அதன் பக்கச் சுவர் தென்மேற்கைப் பார்த்திருந்தது. திரும்பி நின்று பார்த்தேன். கூரைகளுக்கு மேலே, வெகு தூரத்தில், வொர்லி கோபுரத்தின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.