கேசிங் பைப்பில் மிச்சம் பிடிக்காதீர்கள்

போன வாரம் திருப்பூர் பக்கம் ஒரு புது வீட்டிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். போர் போட்டு ஒரு மழைக்காலம்தான் ஆகியிருக்கிறது. மழை பெய்த மறுநாளெல்லாம் தண்ணீர் கலங்கலாக வருகிறது, சாக்கடை வாடை அடிக்கிறது என்றார்கள். கேமராவை உள்ளே இறக்கிப் பார்த்தோம். மேல் மண் சரியாமல் இருக்கத் துளைக்குள் இறக்கும் பைப்தான் கேசிங், அது 20 அடியிலேயே முடிந்துவிட்டது. அதற்குக் கீழேயும் செம்மண்ணும் மக்கிய பாறையும்தான். கெட்டிப் பாறை வர இன்னும் 25 அடி இருக்கிறது. பைப்பின் அடி விளிம்பை ஒட்டிக் கறுப்பாக நீர் வழிந்துகொண்டிருந்தது. துளையின் சுவரில் வேர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. செப்டிக் டேங்க் எங்கே என்று கேட்டால், போரிலிருந்து நாலு எட்டு வைக்கும் தூரத்தில் அதன் மூடியைக் காட்டுகிறார்கள்.

கேசிங்கை ஏன் பாதியில் நிறுத்தினீர்கள் என்றேன். "முழுசா இறக்கினா மேல் ஊற்று அடைபட்டுப் போகும்னு சொன்னாங்க சார்." நிலத்தடி நீர் ஜியாலஜிஸ்டாக இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து இதே பதிலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தயவுசெய்து இதை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள்.

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப்பாறை. மேலே மண், அதற்குக் கீழே மக்கிய பாறை, அப்புறம் கெட்டிப் பாறை. மக்கிய பாறையில் தண்ணீர் தங்கும் என்பது உண்மைதான். ஆனால் அங்கிருந்து 6.5 இஞ்ச் துளைக்குள் நேராகக் கசிந்து வருவது சொற்பம். கோடை வந்தால் அந்தக் கசிவும் நின்றுவிடும். நம் போர்கள் நம்பியிருப்பது கெட்டிப் பாறையில் உள்ள வெடிப்புகளை. அந்த வெடிப்புகளுக்குத் தண்ணீர் கொடுப்பதோ மேலே இருக்கும் அதே மக்கிய பாறைதான். மழைநீர் அதில் ஊறி, மெல்ல இறங்கி, வெடிப்பு வழியாக உங்கள் மோட்டாருக்கு வந்து சேர்கிறது. கேசிங் போட்டால் அந்தத் தண்ணீர் எங்கும் தொலைந்துபோகாது. மண்ணில் வடிகட்டப்பட்டுச் சுற்றி வரும். கேசிங் இல்லாவிட்டால் வடிகட்டாமல் நேரே விழும், பக்கத்தில் இருக்கும் கழிவுநீரையும் கூட்டிக்கொண்டு.

மேல் ஊற்றுதான் வேண்டும் என்றால் அதற்கு ஏற்றது திறந்த கிணறு. ராத்திரி முழுக்கக் கசிவதைச் சேர்த்து வைக்க அகலம் வேண்டும். கொங்குத் தோட்டங்களில் கிணறுகளை அவ்வளவு பெரிதாக வெட்டியது அதனால்தான். அந்த வேலையை ஒரு ஜாண் அகலத் துளையிடம் கேட்காதீர்கள்.

இதைவிட மோசம், கேசிங்கை ஆக்ஸா பிளேடால் கோடு கோடாக அறுத்து இறக்குவது. அந்தக் கீறல் வழியாக நைசான மண் விடாமல் வரும், பம்ப் தேயும், பைப்புக்கு வெளியே பொந்து விழும். பிறகு ஒருநாள் பைப் நெளிந்து மோட்டாரைப் பிடித்துக்கொள்ளும். காவிரி டெல்டாவிலும் கடலோர மணல் பகுதிகளிலும் துளையுள்ள ஃபில்டர் பைப் இறக்குகிறார்களே என்பீர்கள். அங்கே தண்ணீர் இருப்பதே மணலுக்குள். மணலின் பருமனுக்கு ஏற்ற ஃபில்டர், அதைச் சுற்றிச் சலித்த கூழாங்கல் என்று அது வேறு கட்டுமானம். தஞ்சாவூர் முறை பல்லடத்துக்கு ஆகாது, பல்லடத்து முறை தஞ்சாவூருக்கும் ஆகாது.

எத்தனை அடி கேசிங் என்பதைப் பக்கத்து வீட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முன்கூட்டியே பேரம் பேசி எழுதியும் வாங்காதீர்கள். போர் ஓடும்போது நில்லுங்கள். சிவப்பாகவும் பழுப்பாகவும் வந்த பொடி சாம்பல் நிறத்துக்கு மாறும், ஹேமர் சத்தம் கணீரென்று கேட்கும். அதற்கப்புறம் இன்னும் இரண்டு மூன்று அடி பாறைக்குள் போய், பைப்பை அதில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். 20 அடியோ 90 அடியோ, உங்கள் நிலம் கேட்பதைக் கொடுத்தாக வேண்டும். 800 அடி ஓட்டத் தயங்காதவர்கள் 30 அடி பைப்புக்குக் கணக்குப் பார்ப்பது எனக்கு விளங்கவே இல்லை.

பைப் இறக்கியதோடு வேலை முடியாது. மண் பகுதியில் பெரிய பிட் (துளையிடும் முனை) ஓட்டித்தான் 7 இஞ்ச் பைப்பை இறக்குகிறார்கள். வெளியே சுற்றிலும் இடைவெளி இருக்கும். போரில் வந்த பொடியையே அதில் தள்ளி மூடிவிட்டுப் போவதுதான் வழக்கம். மழைநீர் இறங்க அதுவே தாராளமான வழி. அந்த இடைவெளியைச் சிமென்ட் பால் ஊற்றி அடைக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் நல்ல களிமண்ணாவது போட்டு இறுக்குங்கள். போர் போடும் ரிக் வண்டிக்காரர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். பைப்பில் ஐ.எஸ். 12818 முத்திரை (போர் கேசிங் பைப்புக்கான இந்தியத் தர எண்) இருக்கிறதா என்று பாருங்கள். கழிவுநீர்ப் பைப்பைக் கேசிங்காக விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

4.5 இஞ்ச் போர் செலவு குறைவு, சரி. அதில் 4 இஞ்ச் மோட்டார் ஒட்டி உரசித்தான் இறங்கும். ஒரு சில்லுக் கல் விழுந்தால் மேலே வராது. இடம் இருந்தால் 6.5 இஞ்சே போடுங்கள். கீழே பாறை பொடிந்து விழுகிறதென்றால் உள் கேசிங், அதாவது உள்ளே இன்னொரு சிறிய பைப், வேண்டும்.

செப்டிக் டேங்கிலிருந்து 50 அடியாவது தள்ளிப் போடுங்கள். சின்ன மனையில் அதற்கு வழியில்லை என்றால், கேசிங்கிலும் சிமென்ட் அடைப்பிலும் துளிகூடச் சமரசம் வேண்டாம். தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடையும் கட்டாயம் பாருங்கள். அது பாறையிலிருந்தே வருவது, கேசிங் அதைத் தடுக்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2010இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: போர் போடுவதற்கு 15 நாள் முன்பே அதிகாரிகளுக்குத் தகவல், பைப்பைச் சுற்றி நிலத்துக்கு மேலும் கீழும் 30 சென்டிமீட்டர் கான்கிரீட் மேடை, போல்ட் போட்ட அல்லது வெல்டிங் வைத்த மூடி. 2019இல் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தையைப் பறிகொடுத்த பிறகும் சாக்கைக் கட்டி மூடிய போர்களைப் பார்க்கிறேன். தண்ணீர் கிடைக்காத போரை மண்ணும் சரளையும் போட்டுத் தரைமட்டம் வரை நிரப்புங்கள். நிரப்பாமல் விட்ட போர்தான் கழிவுநீர் ஆழத்துக்கு இறங்கவும் நேர்வழி. ரிக் வண்டி உங்கள் தெருவை விட்டுக் கிளம்பும் முன் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.