பழைய ஜெட்டை மாற்றப் போகிறவருக்கு ஓர் எரிபொருள் கணக்கு

போன மாதம் என் தம்பி மகன் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் அவன் வேலை செய்யும் நிறுவனத்துக்குச் சொந்தமாக ஒரு சைட்டேஷன் 2 இருக்கிறது, எண்பதுகளில் செய்த சிறு ஜெட். அதை விற்றுவிட்டு எரிபொருள் குறைவாகக் குடிக்கும் ஒன்றை வாங்க முதலாளி நினைக்கிறார். ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை கணக்குப் பிரிவில் இருக்கும் இவன் தலையில் விழுந்திருக்கிறது. தாளில் ஐந்து விமானங்களின் பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஓர் எண்: மணிக்கு எத்தனை லிட்டர்.

"பெரியப்பா, இதில் எது குறைவோ அதையே சொல்லிவிடலாமா?" என்றான்.

முப்பது வருடம் விமான எஞ்சின்களைப் பிரித்துக் கோர்த்தவன் நான். வளர்ந்தது டர்பனின் தெற்குப் பகுதியான மெரிபேங்க்கில். ஒரு பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, இன்னொரு பக்கம் 2010 வரை இருந்த பழைய விமான நிலையம். எரிபொருள் எங்கே பிறக்கிறது, எங்கே போய் எரிகிறது என்ற இரண்டையும் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனோம். அதன் நாற்றத்தில் இருமிக்கொண்டு வளர்ந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். ஒரு லிட்டர் மிச்சமானாலும் எனக்கு அது பெரிய விஷயம். அதனால்தான் அந்த ஒற்றை எண்ணை நம்பி முடிவெடுக்காதே என்று அவனை உட்கார வைத்தேன்.

எஞ்சினிலிருந்து தொடங்கினோம். ஜெட் எஞ்சின் காற்றைப் பின்னால் தள்ளுகிறது, விமானம் முன்னால் போகிறது. கொஞ்சம் காற்றை மிக வேகமாகத் தள்ளலாம், அல்லது நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளலாம். நொடிக்கு எவ்வளவு காற்று, அதற்கு எவ்வளவு வேகம் கூட்டினோம் என்ற இரண்டையும் பெருக்கினால் உந்துவிசை கிடைக்கும். ஆனால் செலவாகும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. தரையில் நிற்கும் ஓர் எஞ்சின் நொடிக்கு 10 கிலோ காற்றை 40 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். உந்துவிசை 400 நியூட்டன், செலவு 8,000 வாட். 40 கிலோ காற்றை 10 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் அதே 400 நியூட்டன்தான். செலவு மட்டும் 2,000 வாட், கால் பங்கு!

என் ஆயா கொல்லையில் விறகடுப்பு மூட்டும்போது முதலில் ஊதாங்குழலால் ஊதுவார். மூச்சு வாங்கினால் விசிறியை எடுத்துக்கொள்வார். 1963-இல் முதலில் பறந்த லியர்ஜெட் 23 ஊதாங்குழல் வகை. ராணுவ ஜே85 எஞ்சினிலிருந்து வந்த டர்போஜெட் அதில் இருந்தது. உள்ளே போகும் காற்று முழுவதும் தீயில் புகுந்து சீறிக்கொண்டு வெளியே வரும். 1969-இல் பறந்த முதல் சைட்டேஷன் விசிறிக்கு மாறிவிட்டது. ஜேடி15டி என்ற அந்த டர்போஃபேனில் முன்னால் இருக்கும் விசிறி தள்ளும் காற்றில் பெரும்பகுதி தீயைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். தீக்குள் போகும் காற்றைப் போல எத்தனை மடங்கு காற்று சுற்றிப் போகிறது என்பதுதான் பைபாஸ் விகிதம். உங்களிடம் இருப்பது பழைய டர்போஜெட் லியர்ஜெட் என்றால் எதற்கு மாறினாலும் எரிபொருள் மிச்சமாகும். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

சைட்டேஷன் 2 வைத்திருப்பவருக்குக் கணக்கு அவ்வளவு எளிதல்ல. பெரிய பயணிகள் விமானங்களின் புது எஞ்சின்களில் இந்த விகிதம் 10-ஐத் தாண்டிவிட்டது. சிறு ஜெட்களில் அன்றும் இன்றும் 3-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. அப்படியானால் புது ஜெட்டுகளில் மிச்சம் எங்கிருந்து வருகிறது? கொஞ்சம், எஞ்சினின் நடுவே கூடுதல் அழுத்தத்திலும் வெப்பத்திலும் எரியும் தீயிலிருந்து. கொஞ்சம், எரிபொருளைத் துளித்துளியாக அளந்துவிடும் கணினிக் கட்டுப்பாட்டிலிருந்து. ஹோண்டாஜெட் போன்றவற்றில் காற்று கலையாமல் வழுக்கிப் போகும்படி வடித்த இறக்கையிலிருந்தும் வருகிறது. ஆனால் பெரிய பங்கு வேறு ஒன்றிலிருந்து வருகிறது: விமானமே சின்னது. சைட்டேஷன் 2 புறப்படும்போது சுமார் 6,000 கிலோ வரை இருக்கலாம். தம்பி மகனின் பட்டியலில் இருந்த ஃபீனம் 100-க்கு உச்சம் சுமார் 4,750 கிலோ. பழையது மணிக்கு ஏறக்குறைய 570 லிட்டர் குடிக்கும், ஃபீனம் 400-ஐ ஒட்டி நிற்கும். வித்தியாசம் உண்மைதான். ஆனால் பழையதில் ஏழெட்டுப் பேர் உட்காரலாம், ஃபீனத்தில் நான்கு பேர் வசதியாக உட்காரலாம். ஏழு பேர் போகிற நாளில் இரண்டு முறை பறந்தால் மிச்சம் எங்கே?

அப்புறம் உயரம். எஞ்சின் அளவுக்கு இதுவும் முக்கியம், ஆனால் விளம்பரத் தாள்களில் இதற்கு ஒரு வரி கூட இருப்பதில்லை. 41,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் கால் பங்குக்கும் குறைவு. விமானத்தைத் தாங்க, எதிர்க்காற்று இறக்கையில் மோத வேண்டிய அழுத்தம் எந்த உயரத்திலும் ஒன்றுதான், அந்த அழுத்தத்தில் எதிர்ப்படும் இழுவையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மெல்லிய காற்றில் அதே அழுத்தத்தைப் பெற வேகமாகப் போக வேண்டும். அதாவது அதே உந்துவிசைக்குக் கூடுதல் தூரம் கிடைக்கிறது. 28,000 அடியிலிருந்து 41,000 அடிக்குப் போனால், கணக்குப்படி சுமார் 30 சதவீதம் கூடுதல்.

பழைய விமானங்களுக்கு இங்கேதான் ஒரு பூட்டு விழுந்தது. 29,000 முதல் 41,000 அடி வரை ஒன்றின் மேல் ஒன்றாகப் பறக்கும் விமானங்களுக்கு இடையே முன்பு 2,000 அடி இடைவெளி விடுவார்கள். ஆப்பிரிக்க வான்வெளியில் 2008-இல் அதை 1,000 அடியாகக் குறைத்தார்கள். அந்த நெரிசலில் பறக்க மிகத் துல்லியமான உயரமானியும் உயரத்தைப் பிடித்துவைக்கும் தானியங்கியும் வேண்டும், அதற்குத் தனி அனுமதியும் வேண்டும். அது இல்லாத பழைய ஜெட் 28,000 அடிக்குக் கீழே கனத்த காற்றில் எரித்துக்கொண்டே போக வேண்டியதுதான். "உங்கள் விமானத்துக்கு அந்த அனுமதி இருக்கிறதா?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. போனில் விசாரித்தான். இருக்கிறதாம். நிம்மதியாக இருந்தது.

சரி, எங்கே போகிறார்கள்? பெரும்பாலும் டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் பக்கம் லன்சீரியாவுக்கு. சுமார் 500 கிலோமீட்டர். ஜெட் ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும் தூரம் இது. ஏறும்போதுதான் எரிபொருள் அதிகம் போகும், உயரத்தின் லாபத்தை அனுபவிக்கவோ நேரமில்லை. இந்தத் தூரத்துக்குப் பட்டியலில் ஜெட்டே அல்லாத ஒன்றையும் சேர்க்கச் சொன்னேன்: பிலாட்டஸ் பி.சி.-12. ஒற்றை டர்போப்ராப் எஞ்சின், பெரிய புரொப்பெல்லர். ஆயாவின் விசிறியை இன்னும் அகலமாக்கியது மாதிரி. இங்கே ரெட் கிராஸ் ஏர் மெர்சி சர்வீஸ் நோயாளிகளை ஏற்றிச் செல்வதும் இதில்தான். என் தோராயக் கணக்கில் டர்பன்–லன்சீரியா ஒரு வழிக்கு சைட்டேஷன் 2 சுமார் 550 லிட்டர், ஃபீனம் 100 சுமார் 380, பி.சி.-12 சுமார் 270. நேரத்தில் இருபது நிமிடம்கூட வித்தியாசம் வராது.

கேப் டவுன் என்றால் கணக்கு மாறும். டர்பனிலிருந்து சுமார் 1,270 கிலோமீட்டர். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து எதிர்காற்று அடிக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் எதிர்காற்று என்று வைத்தால், 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும் டர்போப்ராப்புக்கு 38 நிமிடம் கூடும், 700-இல் போகும் ஜெட்டுக்கு 18 நிமிடம்தான் கூடும். மெதுவாகப் போகிறவர் எதிர்காற்றுக்குக் கூடுதல் அபராதம் கட்டுகிறார். அப்போதும் மொத்த லிட்டரில் பி.சி.-12 தோற்காது. ஆனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார முதலாளி சம்மதிப்பாரா என்பது வேறு கேள்வி.

டர்பன்காரர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு. கிங் ஷாகா விமான நிலையம் கடலிலிருந்து 90 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லன்சீரியா 1,377 மீட்டர், ஜோகன்னஸ்பர்க்கின் பெரிய விமான நிலையமான ஓ.ஆர். டாம்போ 1,694 மீட்டர். டிசம்பர் மதியம் டாம்போவில் 30 டிகிரி வெயில் அடித்தால், விமானத்துக்கு அது ஏறக்குறைய 2,600 மீட்டர் மலைமேல் நிற்பது போலத்தான். எஞ்சினுக்குக் காற்று குறைவு, இறக்கைக்குத் தாங்கும் காற்றும் குறைவு. "டாம்போவில் நாலு கிலோமீட்டருக்கு மேல் ஓடுபாதை இருக்கிறதே, பெரியப்பா?" என்றான். ஓடுபாதை நீளம் பாதிதான் உதவும். ஓர் எஞ்சின் நின்றாலும் மற்றொன்றால் விமானம் ஏற வேண்டும் என்பது இரட்டை எஞ்சின் ஜெட்டுக்கான விதி. சின்ன எஞ்சின் அங்கேதான் திணறும். ஆட்களைக் குறைக்க வேண்டும், அல்லது எரிபொருளைக் குறைத்து ஏற்றி வழியில் இறங்கி நிரப்ப வேண்டும். ஒரு தடவை இறங்கி மறுபடி ஏறினால் அந்தப் பயணத்தின் சிக்கனம் போயிற்று. எந்த விமானத்தை விற்க வந்தாலும், 30 டிகிரியில் டாம்போவிலிருந்து எத்தனை பேரோடு எவ்வளவு எரிபொருளோடு கிளம்பும் என்று எழுத்தில் வாங்கச் சொன்னேன்.

பணத்துக்கு வந்தோம். வருடம் 200 மணி நேரம் பறக்கிறார்கள். மணிக்கு 170 லிட்டர் மிச்சம் என்றால் 34,000 லிட்டர். லிட்டர் 20 ரேண்ட் என்று வைத்துக்கொண்டால் 6,80,000 ரேண்ட். காற்றில் கலக்கும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 85 டன் குறையும். எனக்கு அந்த 85 டன் பெரிது. ஆனால் புது ஜெட்டின் விலை பல கோடி ரேண்ட். எரிபொருள் மிச்சத்தால் மட்டும் அதை ஈடுகட்ட முடியாது. முடிவைப் புரட்டிப்போடுவது எஞ்சினின் பெரிய பராமரிப்புதான். ஜேடி15டி எஞ்சினை 3,500 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுவதும் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஆகும் செலவு, பழைய சைட்டேஷனின் சந்தை விலையையே தாண்டிவிடக்கூடும். பழைய உடலுக்கு வில்லியம்ஸ் எஃப்ஜே44 எஞ்சினைப் பொருத்தும் அங்கீகரிக்கப்பட்ட மாற்று வழியும் உண்டு. நல்ல உடலும் தேய்ந்த எஞ்சினும் வைத்திருப்பவர் அதையும் விசாரிக்கலாம். என்னைக் கேட்டால், எஞ்சின் மணி நேரம் மிச்சமிருக்கும் பத்துப் பதினைந்து வயது விமானம் ஒன்றைத் தேடுவேன்.

இரண்டு நாள் கழித்து, போன வருடப் பயணப் பதிவேட்டிலிருந்து எடுத்த கணக்கை அனுப்பினான். பத்தில் ஏழு பயணம் லன்சீரியாவுக்கு. சராசரியாக மூன்று பேர். கேப் டவுனுக்கு வருடம் முழுக்க நான்கே முறை. கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: "பெரியப்பா, கேப் டவுனுக்கு டிக்கெட் எடுத்துப் போகச் சொல்லிவிட்டால் பி.சி.-12 போதும் இல்லையா?" போதும் என்றுதான் பதில் போட்டேன். ஆனால் வாங்கப்போகும் விமானத்தின் எஞ்சின் பதிவேட்டை முதலில் எனக்குக் காட்டு என்றும் சேர்த்து எழுதினேன்.