'நல்' இல்லை என்றால் நல்லது என்று அர்த்தமில்லை

இந்த மாதத்தில் இது மூன்றாவது. வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு டேட்டாபேஸ் சர்வர் பேனிக் ஆகி விழுந்தது. சனிக்கிழமை காலை காபி ஆறுவதற்குள் விஎம்கோர் ஃபைல் (விழுந்த கணத்தின் நினைவக நகல்) என்னிடம் வந்துவிட்டது. கிராஷ் டம்ப்பைப் பிரித்துப் பார்ப்பதுதான் எனக்குப் பிழைப்பு.

எந்த ஃபங்க்ஷன் எதைக் கூப்பிட்டது என்று காட்டும் பேக்டிரேஸின் உச்சியில், ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்குள் செருகியிருந்த, கேள்விப்படாத பெயரில் ஒரு மாட்யூல். நெட்வொர்க் கார்டு டிரைவரின் கியூ பட்டியலுக்குள் புகுந்து, 5 நொடிக்கு ஒருமுறை ஒரு எண்ணை எடுத்து டாஷ்போர்டுக்கு அனுப்புவது அதன் வேலை. எழுதியவர் நல்ல பையன். ஃபோனை எடுத்ததும் அவர் சொன்னது: "அண்ணா, நல் செக் போட்டிருக்கேனே!"

போட்டிருந்தார். ஒரு பாயிண்டர், அதாவது நினைவக முகவரி, காலியாக ('நல்') இருக்கிறதா என்று படிப்பதற்கு முன் பார்ப்பதுதான் நல் செக். மெஷின் கட்டளைகளைப் பிரித்துக் காட்டும் டிஸ்அசெம்பிளியில் பளிச்சென்று தெரிந்தது. டெஸ்ட், ஜேஈ (காலியா என்று பார், காலியென்றால் தாண்டிப் போ), அடுத்த வரியில் மூவ் (படி). அந்த மூவில்தான் உயிர் போயிருக்கிறது. சிபியூ ரிஜிஸ்டரில் இருந்த முகவரி 'டெட்' என்ற ஆங்கிலச் சொல்லிலேயே தொடங்கி, வரிசையாகச் சுழியங்கள் ஓடி, 100 என்று முடிந்தது. கெர்னல் தெரிந்தே வைக்கிற விஷம் அது. பட்டியலிலிருந்து ஒன்றைக் கழற்றும்போது அதன் 'அடுத்தது' பாயிண்டரில் லினக்ஸ் இந்த மதிப்பை எழுதிவிடும். கழற்றியதைப் பிடித்துக்கொண்டு யாராவது மேலே நடந்தால் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளட்டும் என்றுதான். மாட்டிக்கொண்டார். அன்றிரவு யாரோ கியூ எண்ணிக்கையை 16இலிருந்து 8 ஆகக் குறைத்திருக்கிறார்கள். வேறெதுவும் நடக்கவில்லை.

நல் செக்கை என்னவோ காப்புக்கயிறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறோம். கவரில் முகவரி எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். எழுதியிருக்கிறது. அதனால் அங்கே வீடு இருக்கிறது என்று ஆகிவிடுமா? வீட்டை இடித்து மாசக்கணக்கு ஆகியிருக்கலாம். வேறு யாரோ குடியேறியிருக்கலாம். அந்தத் தெருவே எந்தக் காலத்திலும் இல்லாமல் இருந்திருக்கலாம். கவர் காலியில்லை என்பதற்கு மேல் நீங்கள் எதையும் சோதிக்கவில்லை. 64 பிட் பாயிண்டரில் தப்பான மதிப்புகள் எத்தனை கோடி கோடி இருக்கின்றன! அதில் ஒரே ஒன்றை மட்டும் வாசலில் நிறுத்திவிட்டு, மற்றதையெல்லாம் மாலை போட்டு உள்ளே அழைக்கிறீர்கள்.

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரு உள்ளடக்கக் கோப்பு இறங்கி, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்ற நாள். அன்று சாயங்காலத்துக்குள் ஆளாளுக்கு "நல் செக் போடாம விட்டுட்டாங்க" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் பிறகு வெளியிட்ட டம்ப் ஆய்வைப் பாருங்கள். நல் செக் இருக்கிறது, படிக்கிற வரிக்கு முன்னாலேயே. 20 மதிப்பு மட்டும் இருந்த வரிசையில் 21ஆவதைக் கேட்டதால் வெளியே கிடந்த குப்பை பாயிண்டராகக் கையில் வந்தது. குப்பை நல் இல்லையே, செக்கைத் தாண்டிப் போய்விட்டது.

"சரிண்ணா, அட்ரஸ் வேலிடான்னு முதல்ல கேட்டுட்டு அப்புறம் படிச்சா?"

இதைக் கேட்காதவரே இல்லை. நீங்கள் கேட்கும் கணத்தில் வேலிட். அடுத்த கணம் இன்னொரு சிபியூ அதை விடுவித்துவிட்டால்? கேட்பதும் படிப்பதும் இரண்டு வேலை, நடுவே இடைவெளி இருக்கிறது, அதற்குள் உலகம் மாறும். விண்டோஸில் எம்எம்-இஸ்-அட்ரஸ்-வேலிட் என்றே ஒரு ஃபங்க்ஷன் உண்டு. அதைப் பயன்படுத்தாதீர்கள், அது ஆம் என்றாலும் பேஜ் ஃபால்ட் (அந்த நினைவகப் பக்கத்தை எட்ட முடியாத பிழை) வரலாம் என்று அதன் ஆவணமே சொல்கிறது. லினக்ஸின் விர்ட்_அட்ரஸ்_வேலிட் நேரடி மேப்புக்கு (ரேமை வரிசையாக அப்படியே காட்டும் முகவரிப் பகுதிக்கு) மட்டும் பதில் சொல்லும். அதற்கு வெளியே ஒதுக்கப்படும் விமாலக் முகவரியைக் கொடுத்தால், நன்றாக இருக்கும் முகவரிக்கே இல்லை என்னும்.

முறையான வழி, கேட்காமல் படிப்பது; தோற்றால் தோற்றேன் என்று திரும்பி வருவது. லினக்ஸில் காப்பி_ஃப்ரம்_கெர்னல்_நோஃபால்ட் இதற்காகவே இருக்கிறது. 5.8க்கு முன்னால் ப்ரோப்_கெர்னல்_ரீட் என்று பெயர். விண்டோஸ் 8.1இலிருந்து எம்எம்-காப்பி-மெமரி. பிபிஎஃப் (கெர்னலுக்குள் சோதித்து ஓடவிடப்படும் சிறு நிரல்) எழுதுகிறவர்களுக்கு பிபிஎஃப்_ப்ரோப்_ரீட்_கெர்னல். எக்செப்ஷன் டேபிள் எப்படி வேலை செய்கிறது என்பதையெல்லாம் நான் இங்கே ஓதப்போவதில்லை. ஆனால் ரிட்டர்ன் மதிப்பைப் பாருங்கள், தயவுசெய்து. தோற்றால் பிபிஎஃப் உங்கள் பஃபரை 0 ஆக்கிவிடும். டாஷ்போர்டில் 0 தெரிவதை 'பாக்கெட் டிராப்பே இல்லை' என்று படித்து மூன்று வாரம் நிம்மதியாக இருந்த ஒரு குழுவை எனக்குத் தெரியும்.

இதைச் சொன்னதும் அடுத்த மூடநம்பிக்கை முளைக்கும்: நோஃபால்ட் போட்டாச்சு, இனி எல்லாம் சரி. இல்லை. மெஷின் விழாது என்பது ஒன்று, படித்த மதிப்பு உண்மை என்பது வேறொன்று. விடுவிக்கப்பட்ட நினைவகம் பெரும்பாலும் மேப்பில் அப்படியே கிடக்கும். அழகாகப் படித்துக் கொடுக்கும், ஆனால் அங்கே இப்போது வேறு எவருடைய தரவோ இருக்கும். நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் ஸ்லாப் டீபக் போட்டிருந்தால் 6பி6பி6பி என்று வரிசையாகத் தெரிந்து உங்களை எச்சரிக்கும். புரொடக்ஷனில் யார் அதைப் போடுகிறார்கள்? மதிப்பு சரியாக இருக்க வேண்டுமானால் டிரைவர் எந்த லாக்கை (ஒரே நேரத்தில் இருவர் கை வைக்காமல் காக்கும் பூட்டை) பிடிக்கிறதோ அதைப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால், நீங்கள் படித்து முடிக்கும்வரை நினைவகத்தை விடுவிக்காமல் வைக்கும் ஆர்சியூ அல்லது ரெஃபரன்ஸ் கவுண்ட். அந்த லாக் டிரைவருக்குள்ளேயே ஸ்டாட்டிக்காக இருந்து உங்கள் கைக்கு எட்டவில்லையா? உள்ளே வராதே என்று டிரைவர் எழுதியவர் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சாதன ரிஜிஸ்டர்கள் இருக்கும் பகுதியில் நோஃபால்ட் உங்களைக் காப்பாற்றாது. படித்தாலே அழிந்துவிடும் இன்டரப்ட் (சாதனம் சிபியூவைக் கூப்பிடும் சைகை) ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டர்கள் இருக்கின்றன. நீங்கள் எட்டிப் பார்த்ததாலேயே டிரைவர் தன் இன்டரப்டைத் தொலைத்துவிடும். சில சாதனங்களில் பஸ் அப்படியே உறைந்து நிற்கும், டம்ப்கூட கிடைக்காது. இந்த மாதத்து முதல் கேஸ் அதுதான். மெஷினின் முகவரிகளை நேரடியாகக் காட்டும் /டெவ்/மெம்மைத் திறந்து முகவரி முகவரியாகத் துழாவியிருக்கிறார்கள். கெர்னல் நினைவகத்துக்கான /டெவ்/கேமெம் என்ற பழைய கதவை 2021இல், 5.13இல், ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். நான் அழவில்லை.

மெஷின் ஏற்கெனவே செத்துவிட்டதா? கேடம்ப் (விழும்போது டம்ப் எடுக்கும் வசதி) எடுத்த விஎம்கோரில் ஆசை தீரப் படியுங்கள், யாரும் சாக மாட்டார்கள். உயிரோடிருக்கும் மெஷினா? ஓடும் கெர்னலின் நினைவகத்தைக் காட்டும் /ப்ராக்/கேகோர் வழியாக கிராஷ் அல்லது டிராகன் என்ற கருவியைப் போட்டுப் பாருங்கள். அது படிக்க மட்டும்தான் விடும், சாதனங்களின் ஐஓ மேப்புகளைத் தானே தாண்டிப் போகும். பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும்போதே படிக்கிறீர்கள், பாதி பழசும் பாதி புதுசுமாக வரலாம், ஒருமுறை பார்த்து முடிவு கட்டாதீர்கள். கெர்னலைத் துழாவ விடாத லாக்டவுன் என்ற பாதுகாப்பு தடுக்கிறது என்றால் அதை அணைத்துவிட்டு வராதீர்கள், செக்யூரிட்டி ஆட்களிடம் கேளுங்கள். கெர்னல் முகவரிகளை மறைக்கும் கேபிடிஆர்_ரெஸ்ட்ரிக்ட்டை 0 ஆக்கி சிஸ்கண்ட்ரோல் கோப்பில் நிரந்தரமாக எழுதி மறந்துவிட்டுப் போகிறவர்களே, உங்களையும்தான் சொல்கிறேன். கெர்னல் பிழை வந்ததும் மெஷினை விழவைக்கும் பேனிக்_ஆன்_ஊப்ஸை அணைத்தால் தப்பிக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். செத்த த்ரெட் பிடித்திருந்த லாக்கை யார் விடுவிப்பது? விழ வேண்டிய மெஷின் நொண்டிக்கொண்டே டேட்டாபேஸில் எழுதுவதைவிட அது விழுவதே மேல்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வேண்டிய எண் வெளியே ஏற்கெனவே இருக்கிறதா என்று 10 நிமிடம் தேடுங்கள். கெர்னல் தானே எண்களை வெளியே காட்டும் இடங்கள் உண்டு: /ப்ராக், /சிஸ், டிரேஸ்பாயிண்ட். நம் தம்பிக்கு வேண்டியிருந்தது, கியூ வாரியாக எத்தனை பாக்கெட் விழுந்தது என்ற ஒரே எண். சனிக்கிழமை மத்தியானம் அதே மெஷினில் நெட்வொர்க் கார்டின் கணக்குகளைக் காட்டும் ஈத்டூலைப் பெரிய எஸ் போட்டு ஓட்டச் சொன்னேன். ஃபோனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"41ஆவது வரியில இருக்குண்ணா."

திங்கட்கிழமை மாட்யூலைக் கழற்றிவிட்டு 4 வரியில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் போட்டிருக்கிறார்கள்.