பட்டன் அங்கே, காகிதம் இங்கே

நூல் வியாபாரக் கடை ஒன்றின் கணக்கு அறை. மேசை ஓரத்தில், வரிக்கு 80 எழுத்து அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர். கணக்கு மென்பொருள் ஓடுவதோ எங்கோ வெளியூரில் இருக்கும் சர்வரில். ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்து உள்ளே போய், அங்கேதான் பில் போடுகிறார்கள். ஒருநாள் காலையில் பிரின்ட் கொடுத்தால் தாள் நகரவில்லை. பிரின்டரை அணைத்துப் போட்டாயிற்று, கேபிளைப் பிடுங்கிச் செருகியாயிற்று. அப்புறம்தான் எனக்குப் போன்: "நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா வந்துச்சு சார்."

இந்த மாதிரி நேரத்தில் முதல் உதை விழுவது பிரின்டருக்குத்தான். பாவம், பெரும்பாலும் அதுவரை செய்தியே போய்ச் சேர்ந்திருக்காது.

ரிமோட் டெஸ்க்டாப்பில் நாம் பார்ப்பது தூரத்துக் கணினியின் திரை. மவுஸ் அசைவும் தட்டெழுத்தும் இங்கிருந்து போகின்றன, படம் அங்கிருந்து வருகிறது. வழக்கமாக 3389 என்ற போர்ட்டில், அதாவது எண் போட்ட இணைப்பு வாசலில், ஓடும் அந்த ஒரே இணைப்புக்குள்ளேயே ஒலிக்கு, காப்பி-பேஸ்ட்டுக்கு, நம் பக்கத்துச் சாதனங்களுக்கு என்று வாய்க்கால்கள் பிரிகின்றன. உள்ளே நுழைந்ததும் நம் கணினி தன்னிடம் உள்ள பிரின்டர்களின் பெயரையும், அவற்றை இயக்கும் மென்பொருளான டிரைவரின் பெயரையும் சாதன வாய்க்காலில் சொல்லி அனுப்பும். சர்வர் அதைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும், பிரின்ட் வேலைகளை வாங்கி வரிசைப்படுத்தும் தன் ஸ்பூலரில் ஒரு வரிசையைத் திறக்கும். அந்த வரிசையின் போர்ட் 'டிஎஸ் 001' என்பது போல ஏதாவது இருக்கும். அதன் மறுமுனையில் வயரும் இல்லை, பிரின்டரும் இல்லை. நம் கணினிக்குத் திரும்பி வரும் வாய்க்கால்தான் இருக்கிறது. லாகாஃப் செய்தால் அந்த வரிசையும் அழிந்துவிடும்.

2000-ல் விண்டோஸ் 2000 சர்வரோடு இந்த வசதி வந்தபோது ஒரு பெரிய சிக்கல் இருந்தது. நம் பிரின்டருக்கான டிரைவர் சர்வரிலும் இருக்க வேண்டும், அதுவும் அதே பெயரில். பத்துக் கிளையில் பத்து ரக பிரின்டர் என்றால் சர்வரைப் பார்த்துக்கொள்பவர் கதி அதோகதி. பெயர் பொருந்தாவிட்டால், சர்வரில் நடப்பதைப் பதிந்து காட்டும் ஈவன்ட் வியூவரில் 1111 என்ற எண்ணோடு, 'இந்த டிரைவரை எனக்குத் தெரியாது' என்று ஒரு வரி விழும். அந்த எண்ணை இன்றும் அங்கங்கே பார்க்கலாம்.

2008-ல் விண்டோஸ் சர்வர் 2008 இதற்கு ஒரு மாற்று கொண்டுவந்தது, பெயர் ஈஸி பிரின்ட். சர்வரில் எல்லாப் பிரின்டருக்கும் பொதுவாக ஒரே டிரைவர். அது பில்லை எக்ஸ்பிஎஸ் என்ற பக்க வடிவக் கோப்பாக்கி அனுப்பிவிடும். அதை நிஜப் பிரின்டருக்குப் புரியும் மொழியில் மாற்றுவது நம் கணினியில் உள்ள டிரைவரின் வேலை. இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம், சர்வரில் பிரின்டர் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் வரும் பெட்டி உண்மையில் நம் கணினியில்தான் திறக்கிறது. சர்வருக்கு அந்தப் பிரின்டரின் தட்டு எத்தனை, தாள் அளவு என்ன என்று எதுவும் தெரியாது. அதனால் கேள்வியையே இங்கே தள்ளிவிடுகிறது.

டாட் மேட்ரிக்ஸுக்கு மட்டும் இந்த ஏற்பாடு ஒத்துவருவதில்லை. எழுத்தை எழுத்தாகவே அனுப்பினால் அது தன் சொந்த எழுத்துருவில் சரசரவென்று அடித்துத் தள்ளும். ஈஸி பிரின்ட் வழியே வந்தால் பக்கம் முழுக்கப் படமாகிவிடும். ஊசித் தலை புள்ளி புள்ளியாகக் கோலம் போட ஆரம்பித்துவிடும். 'வருது, ஆனா ஒரு பில்லுக்கு ஒரு நிமிஷம் ஆகுது' என்று புகார் வந்தால் இதைத்தான் சந்தேகிப்பேன். அந்த ஒரு பிரின்டருக்கு மட்டும் சர்வரிலும் அதன் சொந்த டிரைவரைப் போட்டு, ஈஸி பிரின்ட்டை முதலில் தேடாதபடி பாலிசியில், அதாவது சர்வரின் விதி அமைப்பில், மாற்றிவிட்டால் போதும். அரைத்தாள் பில் முழுத்தாளாக ஓடினால், அந்தத் தாள் அளவை நம் கணினியிலும் பதிந்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

சரி, ஒன்றுமே வரவில்லை என்றால்? முதலில் பார்க்க வேண்டியது, சர்வருக்குள் நம் பிரின்டரின் பெயர் தெரிகிறதா என்பதை. தெரியவில்லை என்றால், ரிமோட் டெஸ்க்டாப் அமைப்பில் 'லோக்கல் ரிசோர்சஸ்' பக்கத்தில் பிரின்டருக்கு எதிரே டிக் இருக்கிறதா பாருங்கள். ஒரு விஷயத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். யாரோ செய்து கொடுத்த டெஸ்க்டாப் ஐகானைச் சொடுக்கி நுழைபவர்களுக்கு, அந்த டிக் அந்த ஐகானின் கோப்புக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருக்கும். வேறு எங்கே டிக் போட்டாலும் அது காதில் வாங்காது. ஐகானை வலது சொடுக்கி, எடிட் கொடுத்து அங்கே மாற்ற வேண்டும்.

அது சரியாக இருந்தால், சர்வரின் ஃபைல் எக்ஸ்புளோரரில் நம் கணினியின் டிரைவ் தெரிகிறதா பாருங்கள். டிரைவும் பிரின்டரும் ஒரே வாய்க்காலில் போகிறவை. டிரைவ் தெரிந்து பிரின்டர் மட்டும் தெரியவில்லை என்றால் வாய்க்காலில் அடைப்பில்லை. சர்வரின் ஸ்பூலர் நின்றிருக்கலாம், அல்லது பாலிசியில் யாராவது பிரின்டரைத் தடுத்திருக்கலாம். 2021 ஜூலையில் பிரின்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, ஸ்பூலரை நிறுத்தி வைப்பதையும் ஒரு தற்காலிகத் தீர்வாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. அப்படி நிறுத்தினால், வரிசையைத் திறக்கவே அங்கு ஆள் இல்லாமல் போய்விடுகிறது.

பெயர் தெரிந்தும் தாள் வரவில்லையா? வரிசையை இரண்டு பக்கமும் திறந்து வைத்துக்கொண்டு பிரின்ட் கொடுங்கள். சர்வர் வரிசையிலேயே நின்றால் கோளாறு அங்கே, அல்லது வழியில். அங்கிருந்து கிளம்பி நம் கணினியின் வரிசையில் வந்து நின்றால் மட்டுமே கேபிளைத் தொட வேண்டும்.

நூல் கடையில் இரண்டு வரிசையும் காலி. நோட்பேடில் ஒரு வரி அடித்து அனுப்பினேன், உடனே வந்தது. மென்பொருளிலிருந்து மட்டும் வரவில்லை.

சர்வருக்குள் பிரின்டர் பெயருக்குப் பின்னால் 'ரீடைரக்டட் 3' என்பது போல ஒரு வால் ஒட்டியிருக்கும். அந்த எண், செஷனின் எண், அதாவது சர்வருக்குள் நாம் நுழைந்து லாகாஃப் செய்யும் வரை ஓடும் அமர்வின் எண். லாகாஃப் செய்து மறுபடி உள்ளே போனால் வேறு எண் கிடைக்கலாம், பிரின்டரின் பெயரும் அதோடு மாறிவிடும். நம் மென்பொருளோ பில் பிரின்டரை முழுப் பெயரோடு மனப்பாடம் செய்து வைத்திருந்தது. அன்றாடம் மாலையில் லாகாஃப் செய்யாமல் ஜன்னலை மட்டும் மூடிவிட்டுப் போவார்களாம், அதனால் செஷனும் எண்ணும் அப்படியே இருந்திருக்கின்றன. முந்தைய இரவு சர்வரை ரீஸ்டார்ட் செய்திருக்கிறார்கள்.

மென்பொருளின் அமைப்பில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, 'டீஃபால்ட் பிரின்டர்' என்று மாற்றச் சொன்னேன். போனிலேயே ஊசித் தலை ஓடும் சத்தம் கேட்டது. நேற்று வரை 3, அன்றைக்கு 5.