டியூப் லைட்டில் 36 வாட், பில்லில் எவ்வளவு?

மின்சிக்கனக் கணக்கெடுக்க ஓர் அலுவலகத்துக்குப் போனால் நான் முதலில் கேட்பது ஏணி. ஃபிட்டிங்கின் மூடியைக் கழற்றி, உள்ளே என்ன சோக் (டியூப்புக்குப் போகும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மற்ற வேலை.

டியூப்பின் ஓரத்தில் 36 வாட் என்று அச்சடித்திருக்கும். அதை எண்ணிக்கையால் பெருக்கிக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். பழைய காப்பர் சோக் தன் பங்குக்கு 12 முதல் 14 வாட் வரை சூடாகவே தின்றுவிடும். ஆக, ஒரு ஃபிட்டிங்குக்குக் கிட்டத்தட்ட 50 வாட். 200 ஃபிட்டிங் பத்து மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 100 யூனிட். அதில் கால் பங்கு வெறும் சோக்குச் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசி வேறு உழைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: வயரைச் சுற்றிக் கவ்வி கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தால் 0.43 ஆம்பியர் காட்டும். 230 வோல்ட்டால் பெருக்கி 99 வாட் என்று பயந்துவிடாதீர்கள். கெப்பாசிட்டர் இல்லாத காப்பர் சோக்கில் பவர் ஃபேக்டர், அதாவது அந்தப் பெருக்கலில் உண்மையில் செலவாகும் பங்கு, பாதிதான். வாட் மீட்டரில் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

எலக்ட்ரானிக் சோக்கோடு வரும் 28 வாட் டி5 (மெலிந்த ரக) டியூப் 30 வாட்டைச் சற்றுத் தாண்டும். இன்று புதிதாக வாங்குவதென்றால் 20 வாட் எல்இடிதான் என் சிபாரிசு. பழைய ஃபிட்டிங்கிலேயே மாட்டுவதானால், அந்த டியூப்போடு வரும் வயரிங் படத்தைப் பார்த்து எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள்.

இரண்டு முனையும் சிவந்து, எரியாமல் கிடக்கும் டியூப்பை யாரும் கண்டுகொள்வதில்லை. ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்டதால் கரண்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும், சோக்கும் கொதிக்கும். இருட்டுக்கும் காசு கட்டுகிறோம். அப்புறம், டியூப்பை அணைத்துப் போட்டால் அதிகக் கரண்ட் இழுக்கும் என்பதும் கதைதான். போடும் அந்த ஓரிரு நொடியில் செலவாவது ஒன்றுமே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் தைரியமாக அணைக்கலாம்.

ஓர் அலுவலகத்தில் எட்டு வரிசை விளக்குக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச். ஜன்னலோர வரிசையைப் பிரித்துத் தனி சுவிட்ச் வைத்துக் கொடுத்தோம். ஒரு மாதம் கழித்துப் போனால், பட்டப்பகல் 12 மணிக்கு அந்த வரிசை ஜகஜோதியாக எரிகிறது. ஏன் என்று கேட்டேன். புது சுவிட்ச்சை மறைத்து ஃபைல் பீரோவை நகர்த்தி வைத்திருந்தார்கள்.