விழுகிறவரைக் கயிறு எப்படி நிறுத்துகிறது?

போன வாரம் எங்கள் தெருவில் ஓர் அடுக்குமாடிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மொட்டை மாடித் தூணில் கட்டிய ஒற்றைக் கயிறு, அதில் தொங்கும் பலகை, பலகையில் பெயிண்டர். இடுப்பில் பெல்ட் இருந்தது. அதன் கொக்கியும் அதே கயிற்றில்தான். மேஸ்திரியிடம் கேட்டேன். "யானையையே தூக்கும் சார் இந்தக் கயிறு" என்றார்.

கயிறு அறாமல் இருக்கலாம். ஆனால் மனிதர் பிழைப்பது, அந்தக் கயிறு அவரை எவ்வளவு மெதுவாக நிறுத்துகிறது என்பதில் இருக்கிறது.

80 கிலோ எடையுள்ளவர் 2 மீட்டர் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முக்கால் நொடிகூட ஆகாது. அதற்குள் வேகம் மணிக்கு 22 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். நீளாத கயிறு அவரை 5 சென்டிமீட்டருக்குள் வெடுக்கென்று பிடித்தால், உடம்பின் மேல் சராசரியாக 3 டன்னுக்கு மேல் விசை இறங்கும். மேஸ்திரி சொன்ன யானை இடுப்பில் ஏறி உட்கார்ந்த மாதிரிதான். அதே ஆளை 1 மீட்டர் தூரத்தில் நிறுத்தினால் விசை 240 கிலோ அளவில் நின்றுவிடும்.

அந்த ஒரு மீட்டரைத் தருவதுதான் ஷாக் அப்சார்பர். மடித்து மடித்துத் தைத்த நாடா, ஒரு சிறு பைக்குள். விழும்போது தையல் ஒவ்வொன்றாகப் பிரிந்து, விழுந்த ஆற்றலை வாங்கிக்கொள்ளும். ஐரோப்பியத் தரவிதிப்படி சோதனையில் விசை 6 கிலோநியூட்டனை, அதாவது சுமார் 600 கிலோவைத் தாண்டக் கூடாது. அதையும் இடுப்பு பெல்ட் தாங்கினால் வயிறும் முதுகெலும்பும் நொறுங்கும். விழுகிறவரைப் பிடிக்க இடுப்பு பெல்ட்டைப் பயன்படுத்துவதை அமெரிக்கா 1998-லேயே தடை செய்துவிட்டது. தொடை, மார்பு, தோள் மூன்றையும் சுற்றி வரும் முழு ஹார்னஸ்தான் வேண்டும்.

அடுத்தது, உயிர்காக்கும் கயிறு தனியாக இருக்க வேண்டும். பலகையின் கயிறு அறுந்தால் அதிலேயே மாட்டிய கொக்கியால் என்ன பயன்? இரண்டாவது கயிறு, இன்னோர் இடத்தில் கட்டியது, ஓர் ஆளுக்கு ஒன்று. கட்டும் இடம் 2 டன்னுக்கு மேல் தாங்க வேண்டும். தண்ணீர்க் குழாயும் ஏசி ஸ்டாண்டும் கைப்பிடிக் கம்பியும் அதற்கு ஆகாது. அந்தக் கயிற்றில் ஓடும் ரோப் கிராப் என்ற கவ்வி ஆளோடு கூடவே இறங்கும், திடீரென இழுத்தால் கவ்வும். கயிற்றின் தடிமன் அதற்குப் பொருந்த வேண்டும். அதில் போட்டிருக்கும் அம்புக்குறி மேல்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் கவ்வாமல் போய்விடும்.

கயிறு வாங்கும்போது வேலையையும் பார்க்க வேண்டும். நைலான் நன்றாக நீண்டு கொடுக்கும், ஆனால் நனைந்தால் வலு கொஞ்சம் குறையும். டைல்ஸ் கழுவும் ஆசிட் அதற்கு விஷம். பாலியஸ்டர் வெயிலைத் தாங்கும். காரம்தான் ஆகாது, ஈரச் சிமென்ட் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறு 165 டிகிரியிலேயே உருகிவிடும். உரசலும் வெயிலும் அதைச் சீக்கிரம் கெடுக்கும். சாமான் கட்ட வைத்துக்கொள்ளலாம், ஆளைக் கட்டக் கூடாது. தேங்காய்நார்க் கயிறு, பருத்திக் கயிறு பற்றிப் பேச்சே வேண்டாம்.

நல்ல கயிற்றையும் கைப்பிடிச் சுவரின் கூர்விளிம்பு அறுத்துவிடும். விளிம்பில் தடித்த கான்வாஸ் உறை போடுங்கள். முடிச்சு விழும் இடத்தில் வலு பாதிவரை குறையலாம் என்பதால், முனையை ஆலையிலேயே வளையமாகத் தைத்த கயிறு மேல்.

கிடைமட்டமாகக் கட்டும் கயிற்றில் பலர் ஏமாறுகிறார்கள். விறைப்பாக இழுத்துக் கட்டிய கொடியில் ஈரப் போர்வையைப் போட்டால் ஆணி பிடுங்கிக்கொண்டு வருமே, அதே கதைதான். கயிறு இரு பக்கமும் 5 டிகிரி மட்டும் தொய்ந்திருக்கும்போது நடுவில் 100 கிலோ தொங்கினால், ஒவ்வொரு முனையிலும் 570 கிலோ இழுவை! முறையாகக் கணக்குப் போட்ட பொறியாளர் இல்லாமல் இதைக் கட்டவே கூடாது.

தினமும் காலையில் கயிற்றை முழு நீளத்துக்கும் விரலிடையே ஓட்டிப் பாருங்கள். உள்ளே பள்ளமாகத் தட்டுப்படுகிற இடம், உருகிப் பளபளக்கிற இடம், வெளியுறை பிய்ந்த இடம் எது இருந்தாலும் அந்தக் கயிறு வேண்டாம். ஒருமுறை ஆளைப் பிடித்த கயிறும் அப்படித்தான். பார்க்கப் புதிது போலவே இருக்கும். அதைக் கத்தியால் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிட வேண்டும். முழுசாக விட்டால், மறுநாள் யாரோ ஒருவர் அதை எடுத்து மாட்டிக்கொள்வார்.