அடிக்ட்: ஒரு கடனாளியின் பெயர்

சீரியலுக்கு அடிக்ட், செல்போனுக்கு அடிக்ட் என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். ஆனால் இந்தச் சொல் பிறந்த இடம் நீதிமன்றம். இலத்தீனில் இதன் வேர்ச்சொல்லுக்குச் ‘சொல்லி ஒப்படைத்தல்’ என்று பொருள். பண்டைய ரோமில் கடனைக் கட்ட முடியாதவனை, கடன் கொடுத்தவனிடமே நீதிபதி ஒப்படைத்துவிடுவார். அப்படி ஒப்படைக்கப்பட்டவன் ‘அத்திக்துஸ்’. கி.மு. 450 வாக்கில் தொகுத்த பன்னிரு பலகைச் சட்டப்படி அவனை 60 நாள் விலங்கிட்டு வைத்திருக்கலாம். ஆக, முதல் அடிக்டே ஒரு கைதிதான்! போதைப் பழக்கமுள்ளவருக்கு இது பெயராக நிலைத்தது 20ஆம் நூற்றாண்டில்.

தமிழில் ‘அடிமை’ என்கிறோம். அடி என்றால் பாதம்; இன்னொருவர் காலடியில் கிடக்கும் நிலை. பொருள் கச்சிதம்தான், ஆனாலும் போதைப் பழக்கத்தோடு சிறைக்கு வருபவரின் மருத்துவப் பதிவேட்டில் ‘போதை அடிமை’ என்று எழுதினால் அது நோயின் பெயர் மாதிரியா இருக்கிறது? நடத்தைச் சான்றிதழ் மாதிரி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவே 1964இல் ‘அடிக்‌ஷன்’ வேண்டாம், ‘டிபென்டன்ஸ்’ என்று சொல்லுங்கள் என்றது. அதற்குச் ‘சார்பு’ பொருந்தும்: போதைச் சார்பு, மதுச் சார்பு. ஆளைக் குறிக்க, பத்திரிகைகளில் ஏற்கெனவே புழங்கும் ‘குடிநோயாளி’ நல்ல சொல்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தினமும் குடித்தவருக்குச் சிறைவாசலோடு குடி சட்டென்று நின்றுபோகிறது. முதல் நாளே கை நடுங்கும். தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாலும் பாதி சிந்தும். இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நாள் வாக்கில், சிலர் சுவரில் இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார்கள். ‘நடிக்கிறான்’ என்று விட்டுவிட்டால் உயிரே போகலாம். அடிமை என்றால் ‘அனுபவிக்கட்டும்’ என்று சொல்லத் தோன்றும். நோயாளி என்றால் நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் டயஸிபாமும், வைட்டமின் பி1 ஆன தயமினும் கொடுத்தாக வேண்டும்.

இந்த முதல் சில நாள் கவனிப்புதான் டீடாக்ஸ், அதாவது நச்சுநீக்கம். சிகிச்சை அதோடு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள், அப்புறம்தான் ஆரம்பமே. ‘டீ-அடிக்‌ஷன்’ என்பதற்குப் ‘போதை ஒழிப்பு’ என்று எழுதுவதும் சரியில்லை. ஒழிப்பு, கடத்தலைப் பிடிக்கும் போலீசின் சொல். மருத்துவத்துக்குப் ‘போதை மீட்பு’ போதும். அடகு வைத்ததை மீட்கிறோம் அல்லவா, அதே மீட்பு. ரோமாபுரிக் கடனாளிக்கும் இது பொருந்திவிடுகிறது.

இன்னொரு சொல் ‘தொடர் சிகிச்சை’. கைதிகளை நடத்துவது பற்றி ஐ.நா. 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 24ஆவது இதைத்தான் கேட்கிறது: வெளியே கிடைக்கும் தரத்தில் மருத்துவம், போதைச் சார்புக்கும் இடையில் அறுந்துபோகாத சிகிச்சை. காரணம் இருக்கிறது. ஹெராயின் எடுத்தவரின் உடல் சிறையில் இருக்கும் நாட்களில் தாங்கும் சக்தியை இழந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். விடுதலையான முதல் இரண்டு வாரம்தான் மிக ஆபத்தானது. ஹெராயினுக்குப் பதிலாகத் தரும் மெத்தடோன், புப்ரெனார்பின் போன்ற மாற்று மருந்துகளை உள்ளேயே தொடங்கி, வெளியே வந்த பிறகும் நிறுத்தாமல் கொடுப்பது அதற்காகத்தான்.